மூன்று பாகங்களிலும் முகம் காட்டாதவன்

"அக்கா, உன் சௌரான் வந்துவிட்டான்! சீக்கிரம் வந்து பார்!" என்று தம்பி கத்தியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தலையணை உறையோடு அப்படியே எழுந்து போனேன்.

திரையில் ஒரு கோட்டை. அதன் வாசலுக்கு முன்னால் கருங்கவசம் பூண்ட ஓர் உருவம் நின்றது. தலையில் முள்முள்ளாக நீண்ட கிரீடம், கையில் கதாயுதம். சுற்றி நின்ற படைவீரர்கள் அவன் முழங்கால் உயரம்கூட இல்லை. தம்பி சுட்டியை ஒரு தட்டுத் தட்டினான். உருவம் கதையை வீசியது. இருபது முப்பது பேர் பதரைப்போலப் பறந்து விழுந்தார்கள்.

"எப்படி?" என்றான், அவனே செதுக்கி நிறுத்திய சிலையைக் காட்டுபவன்போல.

"இவன் வரவே கூடாது" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. புரிந்திருக்கவும் முடியாது, அவன் அந்த நாவலைப் படித்ததில்லை. நான் அதற்குள் மூன்று முறை படித்திருந்தேன். அதில் ஒரு முறை பென்சிலும் கையுமாக.

அந்தப் பென்சில் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. தலைப்பில் இருக்கும் அந்த 'மோதிரங்களின் தலைவன்' வேறு யாருமல்ல, வில்லன் சௌரான்தான். உலகையே அடக்க அவன் வார்த்த மோதிரத்தை எரிமலை நெருப்பில் எறிந்து அழிக்க ஃப்ரோடோ என்பவன் போகும் பயணம்தான் கதை. ஆனால் தலைப்பையே தன் பெயரில் எழுதிக்கொண்ட அந்த மனிதர் (மனிதர் என்பது ஒரு பேச்சுக்கு) கதை நடக்கும் காலத்தில் ஒரு காட்சியில்கூட நம் கண்ணெதிரே வருவதில்லை. முதல் வாசிப்பில் இது எனக்கு உறைக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மூடிய பிறகுதான், 'அடடா, அவன் வரவேயில்லையே' என்று தோன்றியது. அடுத்த முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். அவன் வந்துவிடுவானோ என்று தோன்றும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

புள்ளி வைத்த இடங்களில் சிலவற்றை இன்றும் புரட்டாமலே சொல்வேன். எல்ஃப் என்ற சாகாவரம் பெற்ற இனத்தின் தலைவி கலாட்ரியலின் நீர்க்கண்ணாடிக்குள் ஃப்ரோடோ பார்க்கும் கண். தொலைவில் இருப்பதைக் காட்டும் பலந்தீர் கல்லைத் திருட்டுத்தனமாகத் தொட்டுவிட்டு, அதற்குள்ளிருந்து ஒருவன் தன்னிடம் பேசியதையும் சிரித்ததையும் நடுக்கத்தோடு ஃப்ரோடோவின் தோழன் பிப்பின் விவரிக்கும் இடம். அங்கேயும் சௌரானின் சொற்கள் பிப்பினின் வாய்வழியாகத்தான் நமக்கு வருகின்றன. கடைசியில் மோதிரம் நெருப்பில் விழுந்ததும் வானத்தை மறைத்து எழுந்து, ஒரு பெரிய கையை நீட்டி மிரட்டி, காற்றில் கரைந்துபோகும் நிழல்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வாக்கியம். சௌரானின் கருங்கையில் நான்கு விரல்கள்தாம் இருக்கின்றன, ஆனால் அவையே போதும் என்று, மோதிரத்தை முன்பு வைத்திருந்து பறிகொடுத்த கோல்லம் சொல்கிறான். வெகு காலத்துக்கு முன் இசில்துர் என்ற அரசன் மோதிரத்தோடு சேர்த்து ஒரு விரலை வெட்டி எடுத்தான் அல்லவா, அந்தக் கணக்கு. கோல்லம் சௌரானிடம் பிடிபட்டுச் சித்திரவதை பட்டவன். கண்ணால் கண்டவன் சொல்லும் சாட்சி அது. முழு உருவத்தையும் விவரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. விரல்களை எண்ணும் அளவுக்கு அருகில் அவன் நின்றிருக்கிறான் என்பதுதான் திகில்.

இன்னொன்றும் உண்டு. சௌரான் தன் உண்மையான பெயரை எழுதவோ சொல்லவோ எவரையும் அனுமதிப்பதில்லை என்று, இசில்துரின் வழிவந்த அராகார்ன் ஓரிடத்தில் சொல்வான். தம்பியின் திரையில் அந்தப் பெயர் ஒரு பொத்தானின் மேல் எழுதப்பட்டிருந்தது.

விளையாட்டின் பெயர் 'தி பேட்டில் ஃபார் மிடில்-எர்த் 2'. 2006இல் வந்தது. கோட்டை கட்டி, பண்ணை கட்டி, படை திரட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டிய வகை. ஒரு பக்கம் மனிதர், எல்ஃப்கள், குள்ளர்கள். மறுபக்கம் சௌரானின் நாடான மோர்டோர், ஐசன்கார்ட், கோப்ளின்கள். இவ்வளவும் அவன் வாரக்கணக்கில் ஆடுவதைப் பார்த்து எனக்கும் தெரிந்ததுதான். வழக்கமான வீரர்களின் பட்டியலில் சௌரான் கிடையாது என்பதும் தெரியும். அதனால்தான் எங்கிருந்து வந்தான் என்று கேட்டேன்.

"மோதிரத்தைக் கொண்டு வந்து கோட்டையில் சேர்த்தால் அவனை அழைக்கலாம்."

"மோதிரம் எங்கே கிடைத்தது?"

"கோல்லம் வரைபடத்தில் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருப்பான். லேசில் கண்ணில் பட மாட்டான். கண்டுபிடித்துக் கொன்றால் மோதிரம் கீழே விழும்."

"கோல்லத்தைக் கொன்றாயா?"

நான் கேட்ட தொனியில் அவன் திரையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தான். "விளையாட்டு அக்கா" என்றான், மிகவும் பொறுமையாக.

அன்று இரவு அவனை உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னேன். பாவம், வேறு வழியில்லாமல் கேட்டான். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ, குகையில் கோல்லத்தைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டான். அப்போதே கொன்றிருக்க வேண்டும் என்று ஃப்ரோடோ முதல் பாகத்திலேயே ஆத்திரப்படுகிறான். மந்திரவாதி காண்டால்ஃப் அவனை நிறுத்தி, பில்போவின் கையைத் தடுத்தது இரக்கம், அந்த இரக்கம் பலருடைய விதியைத் தீர்மானிக்கக்கூடும் என்கிறார். ஆயிரம் பக்கங்கள் தாண்டி, எரிமலையின் விளிம்பில், மோதிரத்தை எறிய மாட்டேன் என்று ஃப்ரோடோ தடுமாறி நிற்கும்போது அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுபவன் அதே கோல்லம். அவன் உயிரோடு இருந்ததால்தான் உலகம் பிழைத்தது. அந்த நாவலின் முதுகெலும்பே அந்த ஒரு இரக்கம்தான்.

"நீ முதல் பத்து நிமிடத்தில் அதை முறித்துவிட்டாய்" என்றேன்.

"நாலு நிமிடத்தில்" என்றான்.

ஒளித்துவைத்த பாத்திரங்கள் கணினி விளையாட்டுகளுக்குப் புதிதில்லை. 1992இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்'டில் ரெப்டைல் என்ற பச்சை நிற நிஞ்ஜா ஒளிந்திருப்பான். அவனோடு மோத வேண்டுமென்றால், பள்ளத்தின் மேலுள்ள பாலத்தில், நிலவின் குறுக்கே ஏதாவது ஒரு நிழல் பறக்கும் ஆட்டத்தில், தடுக்கும் பொத்தானை ஒரு முறைகூட அழுத்தாமல், இரண்டு சுற்றிலும் அடியே வாங்காமல் ஜெயித்து, எதிரியை அதற்கான தனி முறையில் முடிக்க வேண்டும். எந்த விளையாட்டின் கையேட்டிலும் இப்படிப்பட்டவை பளிச்சென்று போட்டிருக்காது. ஒருவர் காதில் ஒருவர் ஓதித்தான் பரவும். அதே 1992இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் ஷெங் லாங் என்ற ரகசிய குரு இருப்பதாக ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காகப் புளுகிவைத்தது. இல்லாத அந்த குருவைத் தேடி எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்தார்களோ!

அங்கெல்லாம் ஒளிந்திருப்பவன் திறமைக்குப் பரிசு. இதே டோல்கீன் உலகத்தை வைத்து 2002இல் வந்த 'தி டூ டவர்ஸ்' விளையாட்டில்கூட அப்படித்தான். முக்கிய வீரர்கள் மூவரோடும் கடினமான ஒரு கோபுரத்தை ஏறி முடித்தால் இசில்துர் கிடைப்பான். விரல் வெட்டியவன். சரி, அவனைப் பரிசாகக் கொடுக்கலாம்.

சௌரான் விஷயம் வேறு. அவனை வரவழைக்கத் திறமை தேவையில்லை. நாவல் எதைச் செய்யாதே என்று மூன்று பாகங்களிலும் மன்றாடுகிறதோ அதைச் செய்தால் போதும். கோல்லத்தைக் கொல், மோதிரத்தை எடு, அழிக்காதே, உன் கோட்டையில் வைத்துக்கொள். இது விளையாட்டு வடிவமைத்தவர்களின் அலட்சியம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் திட்டியும் தீர்த்தேன். ஐசன்கார்ட் பக்கம் ஆடினாலும் மோதிரத்துக்குச் சௌரான்தான் வருகிறான் என்று தெரிந்தபோது சிரிப்பே வந்துவிட்டது. ஐசன்கார்டின் தலைவன் சாருமான், மோதிரம் தனக்கே வேண்டுமென்று சௌரானுக்கே துரோகம் நினைத்தவன். அவன் கையில் மோதிரம் கிடைத்தால் வாசல் திறந்து சௌரானை வரவேற்பானா?

பிறகு நல்லவர்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று தம்பி காட்டினான். அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது.

நல்லவர்கள் கையில் மோதிரம் சேர்ந்தால் கலாட்ரியல் வருகிறாள். நமக்குத் தெரிந்த வெண்ணுடை கலாட்ரியல் இல்லை. இருண்டு, வளர்ந்து, புயலைப்போலச் சுழன்று, எதிர்ப்பட்டதையெல்லாம் தூக்கி எறிகிறவள். நாவலில் ஃப்ரோடோ மோதிரத்தை அவளிடம் நீட்டுகிறான். வாங்கினால் தான் என்ன ஆவேன் என்று அவள் ஒரு கணம் அவனுக்குக் காட்டுகிறாள்: இருளரசனின் இடத்தில் ஓர் அரசி, எல்லாரும் நேசித்து நடுங்கும் அரசி. பிறகு சிரித்து, சுருங்கி, மறுத்துவிடுகிறாள். விளையாட்டில் அந்த மறுப்பு இல்லை.

அப்படியென்றால் யாரோ ஒருவர் நாவலைக் கவனமாகத்தான் படித்திருக்கிறார். மோதிரத்தை யார் எடுத்தாலும் முடிவில் கோட்டை வாசலில் வந்து நிற்பது ஒரு பயங்கரம்தான். நல்லவர்கள் எடுத்தால் அதற்கு அழகான முகம் இருக்கும், அவ்வளவே. இதை டோல்கீனே இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். மறுநிமிடமே அது அதிகப்படி என்று தோன்றியது. ஆனாலும் திட்டியதை வாபஸ் வாங்கினேன்.

வாபஸ் வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் ஆட உட்கார்ந்தேன்.

எல்ஃப்கள் பக்கம்தான் ஆடுவேன், கோல்லத்தைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்கினேன். முதல் மூன்று ஆட்டங்களில் அந்தச் சத்தியத்துக்குச் சோதனையே வரவில்லை. கோல்லத்தைப் பார்ப்பதற்கு முன்பே கணினி என்னை இடித்துத் தள்ளிவிட்டது. நான்காவதில் தோற்றுக்கொண்டிருந்தேன். கோட்டைச் சுவர் பாதி எரிந்துவிட்டது. எஞ்சிய வில்லாளர்களை ஆற்றோரமாகப் பின்வாங்கச் செய்தபோது, பாறைக்குப் பக்கத்தில் நான்கு காலில் ஊர்ந்துபோனது ஒன்று.

ஒரு விநாடி யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. 'இந்த ஒரு முறை மட்டும், கோட்டையைக் காப்பாற்ற' என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. மோதிரம் தரையில் மின்னியது. அடுத்த வாரம் மோர்டோர் பக்கமும் ஆடினேன். சௌரானையும் வரவழைத்தேன். பென்சிலால் புள்ளி வைத்து வைத்துக் காத்திருந்தவன், இப்போது நான் காட்டிய இடத்துக்கு நடந்து போனான்.

ஏமாற்றமாக இருந்தது. வந்தவன் வெறும் ஒரு பெரிய ஆள்.

பெரிய ஆள் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1963இல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கீன், சௌரான் எடுத்த உருவம் சாதாரண மனிதனைவிட உயர்ந்தது, ஆனால் ராட்சச அளவு இல்லை என்று தெளிவாகவே குறிப்பிடுகிறார். விளையாட்டில் வருபவன் 2001இல் வந்த திரைப்படத்தின் முன்கதையில் கதாயுதம் சுழற்றும் அந்தக் கவச உருவத்தின் வழிவந்தவன். திரைப்படக்காரர்களுக்கும் அவனைக் களத்தில் இறக்கிப் பார்க்கும் சபலம் இருந்திருக்கிறது. மூன்றாம் படத்தின் இறுதிப் போரில் அராகார்னோடு சௌரானே நேருக்கு நேர் மோதுவதாகப் படம் பிடித்தார்கள். பிறகு மனம் மாறி, அவன் மேல் ஒரு ட்ரோலின், அதாவது பெரும் பூதத்தின், உருவத்தைப் பதித்து மறைத்துவிட்டார்கள். அந்த ட்ரோலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, 'உள்ளே யார் என்று தெரியும்' என்று ஒரு குறுகுறுப்பு.

அதற்குப் பிறகு சௌரான் வரும் விளையாட்டுகளைத் தேடத் தொடங்கினேன். 2009இல் வந்த 'கான்க்வெஸ்ட்'டில் நல்லவர்களின் கதையை முடித்தால் கெட்டவர்களின் கதை திறக்கும். சௌரானாகவே ஆடலாம், ஃப்ரோடோவின் சொந்த ஊரான ஷயரைக் கொளுத்தலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. 2012இன் லெகோ விளையாட்டில் அவன் கட்டைவிரல் அளவுப் பொம்மை. அவனை எடுத்துக்கொண்டு குதித்துக் குதித்து ஓடலாம். தம்பிக்கு இது தலைகால் புரியாத மகிழ்ச்சி. எனக்கு, நம் தலைமையாசிரியர் குழந்தைகள் தினத்தில் மாறுவேடம் போட்டு வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மனத்துக்கு நெருக்கமானது இவற்றுக்கெல்லாம் முந்தியது. 'ஆங்பான்ட்' என்று ஒரு விளையாட்டு, இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக மாணவர்கள் 1990இல் தொடங்கி வைத்தது; கைமாறிக் கைமாறி இன்றுவரை வளர்கிறது. அதன் அடிப்படை வடிவில் படங்களே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துகளும் குறிகளும். நீங்கள் ஒரு குறி, சுவர் ஒரு குறி, பூதங்கள் எழுத்துகள். பாதாளத்தில் நூறு அடுக்குகள் இறங்க வேண்டும். அடுக்குக்கு ஐம்பது அடி. நூறாவதில் சௌரானின் எஜமானன் மார்காத். அதற்கு மேல், தொண்ணூற்றொன்பதாவதில், சௌரான். அவனைக் கொல்லாமல் கீழே போக வழியில்லை. செத்தால் செத்ததுதான், மறுபடி முதல் படியிலிருந்து.

நான் ஆடிய பதிப்பில் சௌரான் என்பவன் ஆங்கிலத்தின் ஒரு சின்ன 'p' எழுத்து. இது பிறர் சொல்லித் தெரிந்தது. நான் பன்னிரண்டாம் அடுக்கைத் தாண்டியதில்லை. நாய்க்கூட்டம் ஒன்று கடித்தே என்னைக் கொன்றுவிடும். ஆனால் ஒவ்வொரு முறை படி இறங்கும்போதும், இன்னும் எண்பத்தேழு அடுக்குக்குக் கீழே ஓர் எழுத்து காத்திருக்கிறது என்ற நினைப்பு முதுகில் ஊரும். புத்தக ஓரத்தில் புள்ளி வைத்த இரவுகளில் ஊர்ந்த அதே பயம். கவசமும் கதாயுதமும் கொடுக்காததை ஓர் எழுத்து கொடுத்துவிடுகிறது.

சென்ற மாதம் தம்பி வந்திருந்தான். பழைய வட்டு இன்னும் ஓடுகிறது. இரண்டு கணினிகளை இணைத்து ஆடினோம். அவன் மோர்டோர், நான் எல்ஃப்கள். இந்த முறை சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கோல்லம் என் பக்கத்துக் காட்டோரம் வந்துவிட்டான். வில்லாளர்கள் தாமாகவே அம்பு விட்டுவிடப் போகிறார்களே என்று அவர்களை அவசரமாகத் தள்ளி நிறுத்தினேன். அவன் போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிறான், தவழ்கிறான், திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. இவ்வளவு நேரம் அவனை உயிரோடு நான் பார்த்ததேயில்லை. படை திரட்ட மறந்துபோனேன்.

பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனான். அங்கே தம்பியின் ஓர்க்குகள், மோர்டோரின் படைவீரர்கள், இருந்தார்கள்.

சிறிது நேரத்தில் திரை அதிர்ந்தது. என் கோட்டையை நோக்கி அவன் நடந்து வந்துகொண்டிருந்தான், நிதானமாக. என்னிடம் இருந்தவை ஒரு வில்லாளர் அணியும் இரண்டு பண்ணைகளும்.

"அக்கா, படையெல்லாம் எங்கே? ஏன் சும்மா இருக்கிறாய்?" என்று பக்கத்து அறையிலிருந்து கத்தினான்.

நான் சுட்டிச் சக்கரத்தை உருட்டிக் காட்சியை அருகே, இன்னும் அருகே கொண்டுவந்துகொண்டிருந்தேன். கதாயுதம் பிடிக்காத அந்தக் கை வீச்சுக்கு வீச்சு மேலும் கீழும் போய்வந்தது. சுவர் இடிந்து புழுதி கிளம்பியது. கையுறையின் நுனி நான்கைந்து கறுப்புச் சதுரங்களாகக் குழம்பித் தெரிந்தது. இரண்டு முறை எண்ணினேன். முதலில் நான்கு வந்தது, அடுத்து ஐந்து. மூன்றாவது முறை எண்ணுவதற்குள் கோட்டை விழுந்துவிட்டது.